யார் பார்த்துக்கொள்வது?

சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்றொரு தொடர் வரும். கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர் இடையரிடம் ஆடுகளை ஒப்படைப்பார். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். சாகும் ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும், எண்ணிக்கை குறையக்கூடாது. ஆகவே ஏட்டளவில் அந்த ஆடுகளுக்குச் சாவும் மூப்பும் இல்லை.

பிள்ளைகள் கேட்டார்கள் என்று நாய்க்குட்டி வாங்கித்தரும் பெற்றோரும் சாவா மூவாக் குட்டியைத்தான் மனத்தில் கொண்டிருக்கிறார்கள் போலும். நாய் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். எட்டு வயதில் அடம்பிடித்த பிள்ளை அதற்குள் வெளியூர்க் கல்லூரிக்குப் போயிருக்கும். கிழ நாய் வீட்டில் அம்மாவோடு இருக்கும், அல்லது தெருவில்.

திருவண்ணாமலை ரமணாசிரமத்துப் பசு லட்சுமியின் கதையை பக்தர்கள் அதன் முக்திக்காகச் சொல்வார்கள். எனக்கு அதன் தொடக்கமே முக்கியமாகப் படுகிறது. 1926இல் குடியாத்தம் அருகே குமாரமங்கலத்தைச் சேர்ந்த அருணாசலம் பிள்ளை ஒரு பசுவையும் அதன் கன்றையும் ரமணருக்குக் கொடையாகக் கொண்டுவந்தார். ரமணர் உருகிப்போய்விடவில்லை. காட்டை ஒட்டிய இடம், சிறுத்தை வரும், இவற்றை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். தானம் என்றால் வாங்கிக்கொள்ளத்தானே வேண்டும் என்று நினைக்கிற ஊரில் இப்படி ஒரு கேள்வி! பிள்ளை தலையே போனாலும் திருப்பி ஓட்டிச் செல்வதில்லை என்று நின்றார். இராமநாத பிரம்மச்சாரி, தாம் பார்த்துக்கொள்வதாக முன்வந்தார். அதன் பிறகே பசு ஆசிரமத்தில் தங்கியது.

வாக்குக் கொடுத்தவர் ஏறத்தாழ மூன்று மாதம் பார்த்துக்கொண்டார். கன்று துள்ளித்திரிந்து செடிகளையெல்லாம் பாழாக்கிற்று. விரட்ட வந்தால் ரமணரிடம் ஓடிப் புகுந்துகொள்ளும். வேண்டுமானால் செடிகளுக்கு வேலி போட்டுக்கொள்ளுங்கள் என்பார் அவர். சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்களில் இவையெல்லாம் பதிவாகியுள்ளன. முடிவில் பசுவும் கன்றும் நகரிலிருந்த பசுபதி என்பவரின் பொறுப்புக்கு மாறின. இதைத் தோல்வி என்று நான் கொள்ளமாட்டேன். முடியாதபோது தெருவில் விடாமல், முடிகிறவர் கையில் சேர்ப்பதும் பொறுப்பின் ஒரு பகுதிதான்.

ஓராண்டு கழித்துப் பசுபதி தரிசனத்துக்கு வந்தபோது இரண்டையும் உடன் அழைத்துவந்தார். லட்சுமி வழியை நினைவில் வைத்துக்கொண்டது. அதன்பின் தினமும் காலையில் தானே ஆசிரமத்துக்கு வந்து, மாலையில் ஊருக்குத் திரும்பியது. பிற்பாடு ஆசிரமத்திலேயே தங்கிவிட்டது, கோசாலை எழுந்தது, ஒன்பது கன்றுகள் ஈன்றது. 1948 ஜூன் 18ஆம் தேதி அது இறக்கும் நாளில் ரமணர் அருகமர்ந்து தலையில் கைவைத்திருந்தார். பின்னர் அதன் மேல் ஒரு வெண்பாவும் எழுதினார்.

1926 முதல் 1948 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள். ரமணர் கேட்ட கேள்விக்கு அத்தனை காலமும் ஒருவர் மாற்றி ஒருவர் பதிலாக நின்றிருக்கிறார்கள்: பிரம்மச்சாரி, பசுபதி, பிறகு கோசாலையில் சாணம் அள்ளிப் புல் போட்ட, பெயர் தெரியாத பலர். இன்று ஆசிரமத்தில் லட்சுமியின் சமாதியைச் சுற்றி வருகிறவர்கள், பக்கத்திலேயே மான், காகம், நாய் ஆகியவற்றுக்கும் சமாதிகள் இருப்பதைக் காணலாம்.