வள்ளி என்பது பட்டிக்காட்டுப் பெயரா?



நம் குடும்ப வாட்ஸாப் குழுவில் இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும். பெங்களூரில் என் தங்கை மகன் வீட்டில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவின் நினைவாக வள்ளி என்று வைக்கலாமே என்று தங்கை ஒரு வார்த்தை சொன்னாள். அவ்வளவுதான், இளைய தலைமுறை ஆளுக்கொரு பெயரைப் போட ஆரம்பித்துவிட்டது. ஷ, ஹ, ஸ்ரீ இல்லாத பெயர் அந்தப் பட்டியலில் ஒன்றுகூடக் கிடையாது. "வள்ளியெல்லாம் பட்டிக்காட்டுப் பெயர் பெரியம்மா, ஸ்கூல்ல கேலி பண்ணுவாங்க" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. குழந்தைக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அந்தப் "பட்டிக்காட்டுப் பெயர்" என்ற சொல்லுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முப்பத்தைந்து வருஷம் சாக்பீஸ் பிடித்த கை விடவில்லை. கொஞ்சம் நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல். பேரன், பேத்தி என்கிறோமே, அவை பெயரன், பெயர்த்தி என்பதன் மருவு. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் பெயரன், பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. உறவுக்கே அப்படித்தான் பெயர் வந்தது. இதில் ஒரு சங்கடமும் உண்டு. மாமியார் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையை அதட்ட முடியாது. அதனால்தான் நம் திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் மூன்று வயதுப் பிள்ளையை "ஏ ஆச்சி, இங்க வா" என்று கூப்பிடுவார்கள். பள்ளியில் சேர்க்க வரும்போதுதான் அந்த "ஆச்சி"யின் நிஜப்பெயர் வள்ளியம்மாள் என்று எங்களுக்குத் தெரியவரும்.

இனி பெயருக்கு வருவோம். வள்ளி என்றால் கொடி. வடமொழியில் வல்லி என்றாலும் கொடிதான். அங்கே லகரம், இங்கே ளகரம். கமலவல்லி, கோமளவல்லி, மரகதவல்லி என்று தாயார் பெயர்களில் வருவது வல்லி. தினைப்புனம் காத்தவள் பெயர் வள்ளி. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் பெயரை என் மாணவர்கள் பாதிப்பேர் "வள்ளிக்கண்ணன்" என்றுதான் எழுதுவார்கள். அவர் ஊர் ராஜவல்லிபுரம், அதனால் அவர் வல்லிக்கண்ணன். இதற்காக நான் போட்ட சிவப்பு மை சுழிகள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

என் அம்மாவுக்கும் இந்த லகர ளகரத்தில்தான் சண்டை. அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. 1991, 92 வாக்கில் நெல்லை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எங்கள் தெருத் திண்ணையிலும் ராத்திரி வகுப்பு நடந்தது. சொல்லிக்கொடுத்தது நான்தான். ஐம்பத்தாறு வயதில் அம்மா சிலேட்டைப் பிடித்தாள். எல்லோருக்கும் முதலில் தங்கள் பெயரை எழுதத்தான் ஆசை. அம்மாவுக்கு "ள்" சுழிக்க வரவில்லை. "வல்லி" என்று எழுதி எழுதி அழித்தாள். "எளுத்துதானட்டி, எப்படி இருந்தா என்ன?" என்று கோபம் வேறு. பத்து நாளில் சரியாக வந்தது. அதன்பின் ரேஷன் கடையிலும் கூட்டுறவு வங்கியிலும் கைநாட்டு வைக்க மறுத்துவிட்டாள். பின்னால் க்யூ நின்றாலும் சரி, மூன்றெழுத்தையும் நிதானமாக எழுதி, கடைசியில் ஒரு புள்ளியை அழுத்தி வைத்துவிட்டுத்தான் பேனாவைத் திருப்பிக் கொடுப்பாள்.

கொடிக்கு மட்டுமல்ல, அந்தக் கொடி தரும் கிழங்குக்கும் வள்ளி என்றே பெயர். இன்று சர்க்கரைவள்ளி, மரவள்ளி என்று சாப்பிடுகிறோமே, அவை இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவை. மரவள்ளியைத் திருவாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. புதிய கிழங்குகள் வந்தபோது நம் மக்கள் பழைய கிழங்கின் பெயரையே அவற்றுக்கும் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய வள்ளி மலைக்காட்டில் தானாக விளைவது. புறநானூற்றில் பாரியின் பறம்பு மலையை மூவேந்தர்களும் முற்றுகையிட்டிருக்கும்போது, கபிலர் அவர்களிடம் சொல்கிறார்: உழவர் உழாமலே இந்த மலையில் நான்கு பொருள் விளையும், மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். அதாவது, நீங்கள் எத்தனை நாள் முற்றுகை போட்டாலும் இவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று பொருள். மூன்று பேரரசர்களை எதிர்த்து நின்ற ஒரு சின்ன மலைக்குச் சோறு போட்டவற்றில் வள்ளியும் ஒன்று.

இந்தப் பாடலை நான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே கதையாகச் சொல்லியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லைதான், ஆனால் அவசியம் வந்தது. ஒரு வருஷம் என் வகுப்பில் வள்ளி என்று ஒரு பிள்ளை. பையன்கள் "வள்ளிக்கிழங்கு, வள்ளிக்கிழங்கு" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் பள்ளிக்கே வரமாட்டேன் என்று அழுதாள். அவள் அப்பா பெயரை மாற்றித் தாருங்கள் என்று கேட்டு என் மேசை முன்னால் வந்து நின்றார். ஒரு வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, மறுநாள் சந்தையில் கிழங்கு வாங்கி, சத்துணவு ஆயாவிடம் கொடுத்து அவித்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். எல்லோருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்து, அவர்கள் தின்று கொண்டிருக்கும்போதே பறம்பு மலைக் கதையைச் சொன்னேன். அதன்பிறகு கேலி நின்றது என்று சொன்னால் நம்புவீர்களா? நிற்கவில்லை. ஆனால் அவள் அழுவது நின்றது. "நான் கிழங்குதாம்ல, நீ என்ன?" என்று திருப்பிக் கேட்க ஆரம்பித்தாள். பெயரும் மாறவில்லை. அந்தப் பிள்ளை இப்போது செவிலியர், இதைப் படித்துக்கொண்டிருப்பாள். பெயரைச் சொல்லிவிட்டேனே என்று கோபிக்காதே, என்னிடம் படித்த வள்ளிகள் பலபேர்!

நான் வேலைக்குச் சேர்ந்த 1982-ல் வருகைப் பதிவேட்டில் ஒரு வகுப்புக்கு இரண்டு மூன்று வள்ளி இருப்பார்கள். இனிஷியல் சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஓய்வு பெற்ற வருஷம் பள்ளி முழுவதும் தேடினாலும் ஒரு வள்ளி இல்லை.

அந்தப் பெயரின் பழமையைப் பாருங்கள். தொல்காப்பியத்திலேயே வாடாவள்ளி என்று ஒரு கூத்து வருகிறது. செடியில் இருக்கும் வள்ளி வாடும், இந்த வள்ளி வாடாது. பெயர் வைத்தவர் ரசிகர்தான். நற்றிணையில் ஒரு தலைவன் தன் காதலியை முருகனோடு சென்ற வள்ளிக்கு ஒப்பிடுகிறான். திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் முருகனின் ஆறு முகங்களுக்கும் ஆளுக்கொரு வேலை கொடுக்கிறார். ஒளி கொடுப்பது, வரம் கொடுப்பது, வேள்வி காப்பது, போர் செய்வது என்று. ஒரு முகத்துக்கு வள்ளியைப் பார்த்துச் சிரிப்பது மட்டுமே வேலை. பரிபாடலில் வள்ளியின் களவு மணம் உயர்ந்தது என்று வாதமே நடக்கிறது. தமிழின் அகப்பொருள் இலக்கணத்துக்குச் சாட்சியாக அவளைத்தான் நிறுத்துகிறார்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் கடைசியாக வைத்திருப்பது வள்ளி திருமணம். மான் வயிற்றில் பிறந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பி எடுத்து வளர்க்கிறான். குழியில் கிடைத்ததால் வள்ளி. ஜாதகம் பார்த்து, நட்சத்திர எழுத்துப் பார்த்து வைத்த பெயரில்லை. பிள்ளை கிடைத்த இடமே பெயராயிற்று. அவள் பரண்மேல் நின்று கவண் சுற்றிக் கிளி விரட்டுகிறாள். தேவர்களின் சேனாதிபதி வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக அவளைத் தேடி வருகிறான். பசிக்கிறது என்கிறான், அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். கவனியுங்கள், இந்தக் கதையில் அலைபவன் மாப்பிள்ளை. இந்திரன் மகளை மணந்தவன் குறத்தி வீட்டு வாசலில் கிழவன் வேஷம் போட்டு நிற்கிறான்.

குமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் வேளிமலை குமாரகோவிலில் பங்குனியில் நடக்கும் வள்ளி கல்யாணத்தில் குறவர் படுகளம் என்று ஒரு நிகழ்ச்சி உண்டு. எங்கள் பெண்ணை எப்படித் தூக்கிப் போகலாம் என்று மலைக்குறவர்கள் முருகனோடு சண்டை போடுவார்கள். வேலூர் மாவட்டத்து வள்ளிமலையில் கேட்டால் எல்லாம் இங்கேதான் நடந்தது என்பார்கள். இலங்கையில் கதிர்காமத்தில் அவள் வேடர் குலப் பெண். அங்கே ஆடி வேல் விழாவில் முருகன் தன் கோயிலிலிருந்து புறப்பட்டு வள்ளியம்மை கோயிலுக்குத்தான் ஊர்வலமாகப் போகிறான். சிங்கள மக்களும் அவளை வள்ளி அம்மா என்றே கும்பிடுகிறார்கள். இத்தனை ஊரும் எங்கள் வீட்டுப் பெண் என்று உரிமை கொண்டாடுவது வேறு எந்தப் பெண்ணுக்காவது உண்டா?

அப்புறம் நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) நம் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய வள்ளி திருமணம் ஆடாத திருவிழா தென்மாவட்டங்களில் கிடையாது. சுதந்திரப் போராட்டக் காலத்தில் விஸ்வநாத தாஸ் இதில் முருகனாக நடிப்பார். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வந்தால், பயிரைத் தின்ன வந்த வெள்ளைக் கொக்கை விரட்டச் சொல்லிப் பாடுவார். பாட்டை எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். எந்தக் கொக்கு என்று ஜனங்களுக்குப் புரியும், ஓரமாய் நிற்கும் போலீஸுக்கும் புரியும். பல தடவை சிறை போனார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேஷத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது. கொங்கு நாட்டில் இதே கதையைக் கும்மியாக ஆடுகிறார்கள். 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற கோவை பத்ரப்பன் ஐயா, வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர். 1993-ல் ரஜினி கதை எழுதி ஒரு வள்ளி வந்தது. 2021-ல் புஷ்பா படம் வந்தபின் தெலுங்கு ஸ்ரீவல்லியை ஊரே பாடியது. முன்னால் ஸ்ரீ சேர்த்தால் மட்டும் பட்டிக்காடு பட்டணம் ஆகிவிடுகிறது போலும்.

இதையெல்லாம்விட நான் சொல்ல நினைத்தது ஒரு பெண்ணைப் பற்றி. 1898 பிப்ரவரி 22-ல் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவள். அப்பா முனுசாமி முதலியார். வேர் தரங்கம்பாடிக்கு அருகே தில்லையாடி. கடல் கடந்து பிழைக்கப் போன குடும்பம், பெண்ணுக்கு வள்ளியம்மை என்று பெயர் வைத்தது. 1913-ல் அங்கே ஒரு நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் சட்டப்படி செல்லாது என்று. அப்படியானால் நம் பெண்கள் மனைவிகள் அல்ல, பிள்ளைகள் வாரிசுகள் அல்ல. அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் தெருவுக்கு வந்தது இதனால்தான். தலைவரிக் கொடுமையும் சேர்ந்துகொண்டது. பதினைந்து வயது வள்ளியம்மையும் அம்மாவோடு போனாள். மூன்று மாதக் கடுங்காவல், மாரிட்ஸ்பர்க் சிறை. அங்கே காய்ச்சல் கண்டது. எலும்பும் தோலுமாக வெளியே வந்தவளைப் பார்க்கப் போன காந்தி, சிறைக்குப் போனதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது பிடித்தாலும் போவேன் என்றாள். செத்துப்போனால் என்ன செய்வாய் என்றார். தாய்நாட்டுக்காகச் சாக யார்தான் விரும்பமாட்டார்கள் என்ற பொருளில் பதில் சொன்னாள். 1914 பிப்ரவரி 22, தன் பதினாறாவது பிறந்தநாளில் போய்விட்டாள்.

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும். நம் ஊரில் பந்தி போட்டுக் கொண்டாடும் கல்யாணம் வள்ளி கல்யாணம். மலைக்குறத்தியின் களவு மணத்தைத் தெய்வத் திருமணமாக ஏற்ற ஜனங்கள் நாம். அந்தப் பெயரைச் சுமந்த ஒரு பிள்ளை, தன் அம்மாவின் கல்யாணம் கல்யாணம்தான் என்று சொல்லி உயிரைக் கொடுத்தாள். பெற்றவர்கள் இதை நினைத்தா பெயர் வைத்திருப்பார்கள்? பாட்டி பெயராகக்கூட இருந்திருக்கலாம். 1915-ல் இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்கே வந்தார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. 2008-ல் தபால்தலை வந்தது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கு அவள் பெயர்தான். தீபாவளிக்குச் சேலை எடுக்கப் போகும்போது ஒருதரம் அண்ணாந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நம் நாட்டில் ஆண்கள் பெயரைப் பெண்ணுக்கு நீட்டிவைப்பது வழக்கம், முருகன் முருகம்மாள் ஆவதுபோல. இங்கே தலைகீழ். வள்ளிநாயகம், வள்ளிமணாளன், வள்ளியப்பன் என்று மீசை வைத்த ஆண்கள் அவள் பெயரைச் சுமக்கிறார்கள். நீங்கள் ஒன்றாம் வகுப்பில் ஆடிப்பாடிய பாட்டுகளில் பல, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா எழுதியவை. செட்டிநாட்டில் வள்ளிக்கண்ணு, எங்கள் பக்கம் வள்ளிநாயகி, வள்ளியம்மாள், இரட்டைப் பெண் பிறந்தால் கேட்கவே வேண்டாம், வள்ளி தெய்வானைதான்.

உங்கள் வீட்டில் ஆச்சி, அப்பத்தா, அம்மாச்சி, அத்தை என்று எத்தனை வள்ளி இருந்தார்கள், அவர்களை வீட்டில் எப்படிக் கூப்பிட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒரு நோட்டில் குறித்துவைக்கப் போகிறேன். ஆனால் ளகரத்தைச் சரியாகப் போடுங்கள், சிவப்புப் பேனா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.