பாடந்தோறும் மொழி: செயலாய்வின் வரலாறும் நாம் வகுக்கும் திட்டமும்

நம் சங்கத்தின் மாலை வகுப்புகளில் பாடஞ் சொல்லும் அன்பர்கள் கூடும்போதெல்லாம் ஒரு குறை திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. எண்களாக எழுதிக் கொடுத்தால் கணக்கைத் தயங்காமல் போட்டுவிடும் பையன், அதே கணக்கை நான்கு வரி வாக்கியமாகக் கொடுத்தால் திகைத்து நிற்கிறான். 'தமிழ் வகுப்பில் ஒழுங்காகப் படிக்கவைத்திருந்தால் இந்நிலை நேராது' என்கிறார் அறிவியல் ஆசிரியர். 'அறிவியற் சொற்களை விளக்குவது எம் பொறுப்பன்று' என்கிறார் தமிழாசிரியர். இருவர் நடுவே நம் பிள்ளை தேர்வில் தோற்கிறான். தோற்றபின், 'இவர்களுக்குப் படிப்பு ஏறாது' என்னும் பழைய வசை புதிய மெருகுடன் வெளிவருகிறது. இந்த வசையை வாதத்தால் மட்டும் வெல்ல இயலாது. சான்றுகொண்டு வெல்ல வேண்டும். அச்சான்றை ஆசிரியர் தாமே தம் வகுப்பறையில் திரட்டும் முறைக்குச் செயலாய்வு என்று பெயர். அது எங்கே, யாருடைய துயரத்திற்கு மருந்தாகப் பிறந்தது என்பதை நம் இளைஞர் அறிதல் நலம்.

அதற்குமுன் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். இயற்பியல் நூலில் 'வேலை' என்பது விசையையும், அவ்விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவையும் பெருக்கி வருவது. நெல் மூட்டையைத் தலையிற் சுமந்தபடி ஒருவன் அசையாது நின்றால், அவன் மூட்டையின்மீது செய்த வேலை சுழி. பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு இரவில் முதுகு வலியோடு படுக்கும் தந்தையின் மகன் இவ்வரியைப் படிக்கிறான். அவன் உள்ளத்தில் எழும் வினா அறியாமையின் வினாவன்று, நியாயமான வினா. வீட்டில் வழங்கும் 'வேலை' வேறு, நூலில் வழங்கும் 'வேலை' வேறு என்பதை ஆசிரியர் நின்று விளக்கினால் அவன் இயற்பியலுக்குள் நுழைவான். விளக்காது கடந்தால் மனப்பாடம் செய்வான், அல்லது ஒதுங்குவான். 'உப்பு' வேதியியலில் சமையலுப்பு மட்டுமன்று. 'அலகு' பறவைக்கும் உண்டு, அளவைக்கும் உண்டு. 'சார்பு' என்றால் ஊரில் ஒரு பக்கம் சாய்தல், கணிதத்தில் அது வேறொன்று. அரிய சொற்களைவிட இத்தகைய பழகிய சொற்களே பிள்ளைகளை அதிகம் இடறச் செய்கின்றன என்பது எம் கருத்து. அரிய சொல்லைக் கண்டால் பிள்ளை பொருள் கேட்பான். பழகிய சொல்லைக் கண்டால் கேட்கமாட்டான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். செயலாய்வுக்கு வடிவம் தந்தவர்களுள் முதன்மையானவர் கூர்ட் லெவின் என்னும் உளவியல் அறிஞர். 1890-இல் பிறந்த யூதர். இட்லர் ஆட்சியைக் கைப்பற்றிய 1933-ஆம் ஆண்டில் செருமனியை விட்டு அமெரிக்காவில் குடியேறினார். அவருடைய தாயார் நாசிகளின் கொலை முகாமில் உயிரிழந்தார். இனவெறியை ஏட்டில் மட்டும் பயின்றவரல்லர் அவர். 1946-இல் 'செயலாய்வும் சிறுபான்மையோர் சிக்கல்களும்' என்னும் பொருள்பட ஒரு கட்டுரை வெளியிட்டார். திட்டமிடுதல், செயற்படுதல், செயலின் விளைவை ஆராய்ந்து அறிதல், அறிந்ததைக் கொண்டு மீண்டும் திட்டமிடுதல் என மேலேறும் சுழற்படிகளாக அவர் ஆய்வைக் கண்டார். நூலை மட்டும் பிறப்பித்து ஓயும் ஆய்வு அவருக்குப் போதவில்லை. அமெரிக்கப் பழங்குடி மக்கள் நலத்துறையில் 1933 முதல் 1945 வரை ஆணையராக இருந்த சான் காலியரும் ஏறத்தாழ அதே காலத்தில் இச்சொல்லை ஆண்டார். யூதர், நீக்ரோவர் என அன்று அழைக்கப்பட்ட கறுப்பர், பழங்குடியினர் ஆகியோரின் சிக்கல்களை ஒட்டியே இம்முறை வளர்ந்தது என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் இது ஆசிரியர் கல்லூரிகளில் ஒப்படைப்புத் தாளாகச் சுருங்கியது வேறு கதை.

1946 கோடையில் கனெக்டிகட் மாநிலத்தில் லெவின் குழுவினர் நடத்திய ஒரு பயிலரங்கு நினைவுகூரத்தக்கது. இனங்களுக்கிடையே நல்லுறவு வளர்க்கும் பணியாளர்க்காக நடந்தது அது. பகலில் குழுக்கள் உரையாடும், ஆய்வாளர் குறிப்பெடுப்பர், மாலையில் அவர்கள் தமக்குள் கூடி அக்குறிப்புகளைப் பேசுவர். ஒருநாள் மாலை பயிற்சிக்கு வந்தவர் சிலர் தாமும் அமர்ந்து கேட்கலாமா என்றனர். லெவின் இசைந்தார். தம்மைப்பற்றிய குறிப்பைக் கேட்ட ஒருவர், நடந்தது அப்படியன்று என மறுத்துத் தம் கருத்தைக் கூறினார். அம்மறுப்பே குறிப்பைவிடப் பயனுடையதாயிற்று. ஆராயப்படுவோர் ஆய்வு மேசையில் இடம்பெற்றால் உண்மை குறைவதில்லை, கூடுகிறது என்பதை அம்மாலை காட்டிற்று. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே லெவின் மறைந்தார். அவர் முறையைப் பள்ளிகளுக்குக் கொணர்ந்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஸ்டீவன் கோரி. அவருடைய நூல் 1953-இல் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை சான் தூயியிடம் பாடங்கேட்டதும் அதே கொலம்பியாவில்தான். லெவின் கட்டுரை வெளிவந்த அதே 1946-இல் அண்ணலின் மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கியது. இரண்டுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று நாம் சொல்ல வரவில்லை. ஆண்டுகள் ஒத்து நிற்பதைக் காணும்போது உள்ளம் மகிழ்கிறது, அவ்வளவே.

பாடந்தோறும் மொழி என்னும் கொள்கை வளர்ந்தது இலண்டனில். அங்கே மொழியாசிரியர் சங்கத்தார் 1960-களின் இறுதியில் பிற பாட வகுப்புகளில் மொழி எவ்வாறு வழங்குகிறது என்று வினவத் தொடங்கினர். டக்ளஸ் பார்ன்ஸ் என்பார் உயர்நிலைப்பள்ளியின் முதற் பருவத்தில் 12 பாடவேளைகளின் உரையாடலைத் திரட்டி ஆராய்ந்தார்; அது 1969-இல் நூலில் இடம்பெற்றது. ஆசிரியர் கேட்ட வினாக்களிற் பெரும்பாலானவை முன்பே முடிவான விடையை எதிர்நோக்கியவை. பிள்ளை தானே எண்ணிப் பேச இடமில்லை. சேம்சு பிரிட்டனும் அவர் தோழர்களும் ஏறத்தாழ 2,000 மாணவர் எழுத்துகளைத் திரட்டிப் பார்த்ததில், அவற்றுள் ஏறக்குறையப் பாதி, மதிப்பெண் இடும் ஆசிரியர் ஒருவரையே வாசகராகக் கொண்டிருந்தன. அவ்வாய்வு வெளிவந்த 1975-ஆம் ஆண்டிலேயே ஆலன் புல்லக் தலைமையில் அமைந்த அரசுக் குழுவும் தன் அறிக்கையை அளித்தது. ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியும் எல்லாப் பாட ஆசிரியரையும் உட்படுத்திய மொழிக்கொள்கை ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று.

நடந்தது என்ன? பல பள்ளிகளில் கொள்கை தாளில் எழுதப்பட்டது. தாள் இழுப்பறையில் உறங்கிற்று. மேலிருந்து வந்த ஆணையை அறிவியல் ஆசிரியர் தம் பாடத்தின்மீது பிறர் செலுத்தும் ஆதிக்கமாகக் கண்டார். அதே 1975-இல் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் ஆசிரியரே ஆய்வாளர் என்னும் கருத்தை விரித்து எழுதினார். கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகத்தில் சான் எலியட் முதலியோர் ஏறத்தாழ 40 ஆசிரியரோடு ஈராண்டுகள் உழைத்தனர். ஒரே வகுப்பைப்பற்றி ஆசிரியர் சொல்வதையும், மாணவர் சொல்வதையும், பார்வையாளர் சொல்வதையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். கொள்கைத்தாள் செய்ய முடியாததை இத்தகைய ஒப்பீடு செய்யக்கூடும். தம் வகுப்பின் ஒலிப்பதிவைத் தாமே கேட்கும் ஆசிரியருக்குப் பிறர் அறிவுரை தேவைப்படாது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று ஆஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. 1977-இல் ஆன் நியூமன் என்னும் ஆசிரியை கணிதத்தில் பின்தங்கிய ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 124 பேரின் பிழைகளை ஆராய்ந்தார். வினாவைப் படி; அது கேட்பதைச் சொல்; எவ்வழியிற் செய்வாய் என்று சொல்; செய்து காட்டு; விடையை எழுது. இவ்வாறு ஒவ்வொரு பிள்ளையையும் படிப்படியாகக் கேட்டு, எப்படியில் இடறினான் என்று பார்த்தார். ஏறக்குறையப் பாதிப் பிழைகள் கணக்கிடும் படியை எட்டுமுன்பே நிகழ்ந்திருந்தன. கணக்கு வரவில்லை என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளிற் பலருக்கு வராதது கணக்கன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. மொழிதான் தடை என்று சொன்னவுடன், 'சேரிப் பேச்சே குற்றம்' என்று முடிவு கட்டுவோர் நம்மவருள்ளும் உளர். அமெரிக்காவில் கறுப்பினச் சிறுவர் மொழியற்றவர் என்று சில உளவியலார் எழுதிவந்த காலத்தில், வில்லியம் லபாவ் என்னும் மொழியியலார் நியூயார்க்கின் ஆர்லம் பகுதியில் ஆய்ந்தார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் முறையான நேர்காணலில் ஓரிரு சொல்லே பேசினான். அடுத்தமுறை அவன் தோழனையும் உடன் அமர்த்தி, உருளைக்கிழங்கு வறுவல் கொடுத்து, வினவுபவரும் தரையில் அமர்ந்தபோது, போட்டியிட்டுக்கொண்டு பேசினான். மாறியது சிறுவனின் மொழியன்று, சூழல். 1855-இல் சோதிராவ் பூலேயின் பள்ளியில் பயின்ற முக்தாபாய் என்னும் மாங் சாதிச் சிறுமி தன் மக்களின் துயரத்தை எழுதிய கட்டுரை 'ஞானோதய' இதழில் அச்சேறியதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவள் மதிப்பெண்ணுக்காக எழுதவில்லை. கல்வியை மறுத்தோரையே முன்னிறுத்தி எழுதினாள்.

நம் நாட்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014-இல் வகுத்த விதிமுறைகளால் ஈராண்டாக்கப்பட்ட பி.எட். படிப்பில், கலைத்திட்டம் முழுவதிலும் மொழி என்பது ஒரு பாடமாக இடம்பெற்றது. நம் இளைஞருள் பலர் அதில் தேர்ச்சி பெற்றவர்களே. தேர்வில் எழுதியதை வகுப்பில் செய்து பார்க்கும் வாய்ப்பை நம் மாலை வகுப்பு அளிக்கும்.

திட்டம் சிறியதாகவே இருத்தல் வேண்டும். எல்லா வகுப்பையும் எல்லாப் பாடத்தையும் ஒருங்கே தொட்டால் ஒன்றும் விளங்காது. எட்டாம் வகுப்பு, அறிவியலில் ஒரு பாடம், கணக்கில் ஒரு பாடம், ஒரு பருவம்: இதுவே எல்லை. முதல் மூன்று வாரம் எதையும் மாற்றாமல் பார்க்க வேண்டும். ஒரே கணக்கை எண்களாகவும், எழுதிய வாக்கியமாகவும், ஆசிரியர் உரக்கப் படித்தும் வெவ்வேறு நாட்களிற் கொடுத்து, மூன்றிலும் பிள்ளை என்ன செய்கிறான் என்று குறிக்க வேண்டும். மூன்றிலும் தவறினால் குறை கணக்கில். வாக்கியத்தில் மட்டும் தவறினால் வாசிப்பில். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் தொடங்கும் எந்தச் சிறப்பு வகுப்பும் இருளில் எறிந்த கல்லே.

பின்னர் மாற்றம் ஒன்று, அல்லது இரண்டு மட்டும். பாடம் தொடங்குமுன் அதன் முதன்மைச் சொல்லைப் பிள்ளைகள் தம் வீட்டுப் பேச்சில் விளக்கட்டும். வீட்டுப் பொருள், நூற்பொருள், தான் அமைத்த வாக்கியம் என மூன்று பத்தியிட்ட ஏடு ஒவ்வொருவரிடமும் இருக்கட்டும். பாடம் முடிந்தபின் அதை ஆறாம் வகுப்புத் தம்பிக்கோ தங்கைக்கோ புரியுமாறு அரைப்பக்கம் எழுதட்டும். படித்த தம்பி புரியவில்லை என்றால் அதுவே திருத்தம். வாரம் ஒருமுறை ஒரு பாடவேளையைக் கைபேசியில் பதிந்து, பாடஞ் சொன்னவரும் பிறிதொருவரும் பிள்ளைகள் இருவரும் உடனமர்ந்து கேட்க வேண்டும். பெற்றோரிடம் முன்னரே கேட்டு இசைவு பெறவேண்டும். பிள்ளையின் பெயர் சங்கத்தின் எந்த அறிக்கையிலும் வரலாகாது. பருவ இறுதியில் அதே வகைக் கணக்குகளை மீண்டும் மூன்று வடிவிலும் கொடுத்துப் பார்க்கலாம். பயன் இல்லையெனில் இல்லையென்றே எழுத வேண்டும். விழா மேடையில் வாசிப்பதற்காக வெற்றி தேடினால் அடுத்த சுழலுக்கு வழியில்லை.

ஒரு செய்தி இன்னும் முடிவாகவில்லை. ஒலிப்பதிவைக் கேட்கும் அமர்வில் பிள்ளைகளை அமர்த்தினால் ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்று மூத்த உறுப்பினர் சிலர் கருதுகின்றனர். முன்பு தம் வகுப்பில் பின்வரிசைக்கு ஒதுக்கப்பட்டு, வாய் திறவாமலே பள்ளிப்படிப்பை முடித்த ஐயா ஒருவர், பிள்ளைகள் இல்லாத அமர்வுக்குத் தாம் வரப்போவதில்லை என்றார். வரும் பொதுக்குழுவில் இது பேசப்படும். மூன்று பத்தியிட்ட ஏடுகள் முன்பே தைத்து வந்துவிட்டன. முதற் பக்கத்தில் 'வேலை' என்று எழுதி வைத்திருக்கிறோம்.