ஆழத்தை அறிந்தவர் யார்?

"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது நம் முதியோர் வாக்கு. நீர்க்கரையில் வாழ்ந்த மக்கள் தம் பட்டறிவால் கண்ட எச்சரிக்கை அது. அவ்வாக்கை நமக்கு விட்டுச்சென்றோரிடம் நீண்ட கழியும், கயிற்றில் கட்டிய கல்லும், கூரிய கண்ணும், பிழையாத நினைவுமே அளவுகோல்களாக இருந்தன. இன்று உலகின் பல பாகங்களில் மீன்பிடிப்போர் படகில் ஒரு டப்லெட்டை வைத்துக்கொண்டு, ஏரியின் அடித்தளத்தை வரைபடமாகக் காண்கின்றனர். தாம் நிற்கும் இடத்தை அதில் ஒரு புள்ளியாகக் கண்டு வழிசெல்கின்றனர். கரை சேர்ந்தபின் அன்றைய அளவுகளை மடிக்கணினியில் சேர்த்துப் படத்தைத் திருத்துகின்றனர்.

இதனை விஞ்ஞானத்தின் வெற்றி என்று வியந்து அமைதல் எளிது. வரலாற்றைக் கற்போராகிய நாம் அதற்கு மேலும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். நிலத்தின் வழியும் நீரின் ஆழமும் இதுவரை எவர் கையில் இருந்தன? அவ்வறிவு எவருக்குப் பயன்பட்டது? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வோருக்குக் கண்டி நகரும் அதன் சுற்றுப்புறமும் திறந்து வைத்த பாடநூலாக விளங்குகின்றன.

கண்டி இராச்சியம் போர்த்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக எதிர்த்து நின்றது. மலையும் காடும் மகாவலி கங்கையும் அதன் அரண்கள் என்று பாடநூல்கள் கூறும். அவற்றோடு இன்னுமோர் அரணும் இருந்தது. அந்நியனிடம் அந்நாட்டின் படம் இருக்கவில்லை என்பதே அது. பாதைகள் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே செல்லக்கூடிய ஒற்றையடிப் பாதைகளாகவே வைக்கப்பட்டன. வழிகளை முட்கதவுகள் மறித்தன. காவலர் வருவோர் போவோரை விசாரித்தனர். இச்செய்திகளை நமக்குச் சொல்பவர் ரொபட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவில் சிறைப்பட்ட அவர், இரண்டாம் இராசசிங்கனின் நாட்டில் 19 ஆண்டுகள் கைதியாக வாழ்ந்தார். ஊரூராகச் சில்லறைப் பொருள் விற்பவராக அலைந்து வழிகளைக் கற்றார். 1679இல் தோழர் ஒருவருடன் புறப்பட்டு, தமிழர் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இரு ஆண்டுகள் கழித்து 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் இலங்கையின் படமும் இடம்பெற்றது. கைதியின் கால்கள் கற்ற வழி ஐரோப்பியரின் மேசைக்கு அவ்வாறு சென்று சேர்ந்தது.

வழியறிதல் ஒன்று, நீரறிதல் வேறொன்று என்பதை ஆங்கிலேயர் 1803இல் பெரும் விலைகொடுத்துக் கற்றனர். அவ்வாண்டு சூன் மாதத்தில், கண்டியைப் பிடித்து வைத்திருந்த மேஜர் டேவியின் படை சரணடைந்து திருகோணமலை நோக்கிப் புறப்பட்டது. வட்டபுளுவை என்னுமிடத்தில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்கும் வழி அறியாது, தெப்பம் கட்டியும் கடக்க இயலாது, அப்படை கரையிலேயே நின்றது, அங்கேயே அழிந்தது. பீரங்கி வைத்திருந்தோரை ஆறு நிறுத்திவிட்டது.

இனி நகரின் நடுவேயுள்ள ஏரிக்கு வருவோம். நாயக்க மரபில் வந்த இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அதனைக் கட்டுவித்தான். வயலாக இருந்த பள்ளம் நீர்நிலையாயிற்று. பாற்கடல் என்னும் பொருள்படக் 'கிரி முகுத' என்று அதற்குப் பெயரும் இடப்பட்டது. மண் சுமந்தோர் இராசகாரிய முறையின்கீழ் ஊதியமின்றி உழைத்த குடிகள். மலைநாட்டின் தலைசிறந்த சிற்பியாகிய தேவேந்திர மூலாச்சாரியின் பெயர் நம்மிடம் இருக்கிறது. மண் வெட்டிய ஒருவரின் பெயரும் நம்மிடம் இல்லை. நகருக்கு அழகு சேர்த்த அவ்வேரியில் இன்று மீன்பிடித்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. அதன் கரையில் உலாவலாம், படமெடுக்கலாம், மீன்களுக்குப் பொரி இடலாம். உழைப்பால் பிறந்த நீர்நிலை கண்ணுக்கு விருந்தாக நிலைத்துவிட்டது.

1815 மார்ச்சு 2ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் நிகழ்ந்தது படங்களின் படையெடுப்பு எனலாம். நில அளவைத் திணைக்களம் 1800ஆம் ஆண்டிலேயே கரையோர மாகாணங்களில் நிறுவப்பட்டிருந்தது. இப்போது அளவுச்சங்கிலி மலையேறியது. தேசாதிபதி பான்ஸ் காலத்தில் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைந்தது; ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுத்து நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியன என்று கொள்ளச் செய்தது. சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை அறிந்திருந்த கிராமத்தவன் கையில் பத்திரம் இல்லை. அளவையாளரின் தாளில் அவன் நிலம் வெறுமையாகக் காட்சியளித்தது. வெறுமையாகக் காட்டப்பட்ட நிலம் ஏலத்தில் விற்பனைக்கு வந்தது. கோப்பி எழுந்தது, கோப்பி நோயில் மடிந்தபின் தேயிலை வந்தது.

அத்தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் குடியானவர் மன்னார்க் கரையில் இறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் கொள்ளைநோயாலும் அவ்வழியில் மாண்டோர் பலர். ஏக்கர் கணக்கை நுணுக்கமாகக் குறித்த தாள்கள் அவர்கள் விழுந்த இடங்களைக் குறித்து வைக்கவில்லை. படம் வரைபவன் தனக்கு வேண்டியதையே வரைகிறான். வேண்டாதது வெற்றிடமாக விடப்படுகிறது.

இவ்வுண்மை கண்டிக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கடலின் ஆழங்களை உலகெங்கும் அளந்த அந்த அரசு, தன் நாட்டு ஸ்கொத்லாந்து ஏரிகளை அளக்குமாறு அறிஞர் கேட்டபோது மறுத்துவிட்டது. கப்பல் ஓடாத ஏரி எத்திணைக்களத்தின் கடமையுமன்று என்பதே காரணம். சர் ஜோன் மரே என்னும் ஆய்வாளர் பிரெடரிக் புல்லர் என்னும் இளைஞருடன் அப்பணியைத் தாமே தொடங்கினார். 1901இல் உறைந்த ஏரியொன்றில் பனி உடைந்து மக்கள் நீரில் விழுந்தபோது, அவர்களைக் காக்கப் பாய்ந்த புல்லர் உயிர்துறந்தார். அவர் தந்தை லோரன்ஸ் புல்லர் மகனின் நினைவாகப் பொருளுதவி செய்ய, வேலை தொடர்ந்தது. 562 ஏரிகள் அளக்கப்பட்டு 1910இல் ஆறு தொகுதிகளாக முடிவுகள் வெளிவந்தன. அரசு கைவிட்டதைச் சிலரின் விடாமுயற்சி முடித்துக்காட்டியது.

மீண்டும் மகாவலிக்குத் திரும்புவோம். 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லவில் ஆறு மறிக்கப்பட்டு வடக்கே திருப்பப்பட்டது. 1985இல் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட விக்டோரியா அணை திறந்து வைக்கப்பட்டது. 122 மீற்றர் உயர்ந்த அவ்வணையின் பின்னே தெல்தெனிய நகரும் சுற்றியுள்ள கிராமங்களும் வயல்களும் நீருள் மறைந்தன. மின்சாரமும் பாசனமும் நாட்டுக்கு வந்தன. அதை மறுப்போர் இலர். அவ்வெளிச்சத்துக்காக வீட்டையும் முற்றத்தையும் விட்டு வெளியேறியோரையும் மறத்தலாகாது. வரட்சிக் காலத்தில் நீர் இறங்கும்போது பழைய தெல்தெனியவின் சிதைவுகள் இன்றும் தலைகாட்டுகின்றன.

அந்த நீரில் இன்று வலை விரிக்கப்படுகிறது. வலை அடிமரத்தில் சிக்கினால் கிழியும். பழைய சுவரில் உரசினால் அறும். ஆகவே எங்கே தெரு ஓடியது, எங்கே தோப்பு நின்றது, எங்கே வயல்வெளி தடையின்றிப் பரந்தது என்று அறிந்தவனே அங்கு நல்ல மீனவன். மூழ்கிய ஊரை நினைவில் வைத்திருக்கும் முதியவர் ஒவ்வொருவரும் ஓர் ஆழப்படத்தைத் தலையில் சுமக்கிறார். அவர் மறையும்போது அப்படமும் மறையும்.

இங்குதான் புதிய கருவியின் பயன் நமக்குப் புலப்படுகிறது. அதன் இயக்கம் மந்திரமன்று. படகின் அடியிலிருந்து ஒலித்துடிப்பு ஒன்று கீழே செல்கிறது. அடித்தளத்தில் மோதித் திரும்புகிறது. நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். போய்வர 0.04 செக்கன் ஆனால், கடந்த தூரம் 60 மீற்றர். ஆழம் அதிற் பாதி, 30 மீற்றர். அவ்விடம் எது என்பதை ஜீ.பி.எஸ் செய்மதிகள் சொல்கின்றன. அமெரிக்கப் படைத்துறைக்காக எழுந்த அவ்வேற்பாட்டில், பொதுமக்களுக்கு வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே சாதாரண மனிதனின் கைக்கருவி சில மீற்றர் துல்லியத்தோடு இடத்தைக் காட்டலாயிற்று. இடமும் ஆழமும் கொண்ட ஆயிரம் புள்ளிகளை மடிக்கணினி இணைத்துச் சமஆழக் கோடுகளை வரைகிறது. நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் ஏறியிறங்கும் என்பதால், அளந்த நாளின் மட்டத்தையும் குறித்துவைத்துக் கணக்கைச் சரிசெய்தல் வேண்டும். ஒரு பாடசாலை மாணவன் கற்றுத் தேறக்கூடிய கணக்கே இது.

கருவி எளிது, அதைச் சூழ்ந்த உறவுகளே சிக்கலானவை. மேலைநாடுகளில், பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோரின் படகுகளிலிருந்து ஆழப்பதிவுகளைத் திரட்டி, அவற்றால் ஏரிப்படங்களைச் செய்து, விலைக்கு விற்கும் நிறுவனங்கள் உள. கொடுப்பவரும் வாங்குபவரும் அதே மீன்பிடிப்போர். இலாபம் இடையில் நிற்பவருக்கு. 1840இன் அளவுச்சங்கிலியை நாம் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன், நன்னீர் மீன்பிடியின் முதுகெலும்பாயிற்று. அதன் ஆண்மீன் கரையோர ஆழமற்ற நீரில் குழிதோண்டிக் கூடு அமைக்கும். ஆழப்படம் அவ்விடங்களைத் தெளிவாகக் காட்டிவிடும். அவற்றைக் காப்பதற்கும் அப்படம் உதவும். வாரிச் சூறையாடுவதற்கும் உதவும். வசதி படைத்த ஒருவன் கையில் மட்டும் அது இருந்தால், மற்ற வள்ளங்கள் வெறுங்கையோடு திரும்பும். மறு ஆண்டு அவனும் வெறுங்கையோடு திரும்புவான்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடவும் இயலாது. 1990இல் உள்நாட்டு மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்திக்கொண்டது. 1994இல் மீண்டும் ஏற்றது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை உருவாகியது. கொள்கை மாறிய அந்த ஆண்டுகளில் வள்ளத்தில் இருந்தவனை எவரும் கேட்டு முடிவு செய்யவில்லை. ஆகவே நீர்நிலையின் படம் மீனவர் சங்கத்தின் பொதுச்சொத்தாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து. அதில் எழுதப்படும் பெயர்கள் அம்மக்கள் பேசும் சிங்களத்திலும் தமிழிலும் இருத்தல் வேண்டும். கூடுகட்டும் ஆழமற்ற பகுதிகளைக் காக்கும் எல்லையைச் சங்கமே கூடி வகுத்தல் வேண்டும்.

ஏரியின் படம் கரையோடு முடிவதுமன்று. இலங்கை நீர்த்தேக்கங்களைப் புவியியல் தகவல் முறையால் ஆராய்ந்து எஸ். எஸ். டி சில்வா, யு. எஸ். அமரசிங்க முதலியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வு, நீரேந்து பிரதேசத்தின் நிலப்பயன்பாட்டுக்கும் மீன் விளைவுக்கும் தொடர்பு உண்டென்று காட்டியது. மலையில் காடு அழிந்தால் மண் கரையும்; அம்மண் ஆற்றோடு வந்து நீர்த்தேக்கத்தில் படியும். பொல்கொல்லவில் வண்டல் சேர்ந்த கதையை மகாவலிக் கரையினர் அறிவர். தேயிலை மலையில் வாழும் தமிழ்த் தொழிலாளியும் நீர்த்தேக்கத்தில் வலைவிரிக்கும் சிங்கள மீனவனும் ஒரே படத்தின் மேற்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் இருக்கின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் காணாதவாறு வரையப்பட்ட படங்களையே நாம் இதுவரை பெற்றிருக்கிறோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இப்பணியில் நமக்கும் பங்குண்டு. தெல்தெனியவை நினைவில் வைத்திருக்கும் முதியோரிடம் சென்று அமர்வோம். தெரு எது, கிணறு எது, வயல் எது என்று கேட்டு எழுதுவோம். மீனவரோடு சேர்ந்து, பாதுகாப்பு அங்கி அணிந்து, அளவுகளை எடுப்போம். கருவி கிடையாத இடத்தில் மீற்றருக்கு ஒரு முடிச்சிட்ட கயிறும் ஒரு கல்லும் போதும். மரே தொடங்கியதும் கம்பியில் கட்டிய குண்டோடுதான். முதியவரின் நினைவும் இளைஞரின் மடிக்கணினியும் ஒரு தாளில் சேரும்போது, மண் சுமந்தவனையும் ஊரிழந்தவனையும் விட்டுவிடாத படமொன்று நமக்குக் கிடைக்கும்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்றனர் முன்னோர். ஆழத்தை அறிந்தவனே அதில் இறங்கும் வழியையும் தீர்மானிக்கிறான் என்பதைக் கண்டியின் வரலாறு அதனோடு சேர்த்துச் சொல்கிறது. அந்த அறிவை வள்ளத்தில் இருப்பவன் கையில் சேர்ப்பது நம் காலத்தின் கடமையாகும்.