பாஸ்டனில் கண்ட கீழ்த்திசை

பலமனேர், மொகிலிக் கணவாய்க்கு மேலே மேட்டுநிலத்தில் அமைந்த சிற்றூர். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை அது வட ஆர்க்காட்டின் ஒரு பகுதியாக இருந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் விலை பேசும் ஊர் அது. அங்கிருந்து கடல் கடந்து அமெரிக்கா வந்து குடியேறிய குடும்பங்களுள் எம் குடும்பமும் ஒன்று. புறப்பட்ட நாளில் வீட்டுப் பெரியவர் ஒரு மண்சட்டியைக் கொணர்ந்து கொடுத்தார். பெட்டியின் எடை மிகும் என்று சொல்லி, அதைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்தோம். பலமனேர்க் குயவரின் சுடுமண் வேலை ஆந்திர நாட்டில் பெயர்பெற்ற கைத்தொழில் என்பதை அந்நாளில் யாம் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை.

ஆண்டுகள் பல சென்றபின், பாஸ்டன் நகரத்து நுண்கலைக் காட்சியகத்தில் அச்சட்டி எம் நினைவுக்கு வந்தது. ஜப்பானியப் பகுதியில், கண்ணாடிப் பேழைக்குள், தேநீர் அருந்தும் மண் கிண்ணம் ஒன்று இருந்தது. விளிம்பு சற்றே கோணல். மேனியில் விரல் பட்ட தடம். நெருப்பு நக்கிய கறை. உடன் வந்த குழந்தை, பாட்டி வீட்டுச் சட்டியைப் போல இருக்கும் இதனை ஏன் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டது. எம்மிடம் விடை இல்லை. அவ்விடையைத் தேடிப் புறப்பட்டதன் பயனே இக்கட்டுரை.

அக்காட்சியகத்தின் ஜப்பானிய மட்கலத் தொகுதி எட்வர்டு மோர்ஸ் என்பார் திரட்டியது. அவர் கலைஞர் அல்லர், விலங்கியல் அறிஞர். கடல்வாழ் உயிரினங்களை ஆராய 1877-இல் ஜப்பான் சென்றவர், அந்நாட்டுக் குயவர் கைத்திறனில் மனம் பறிகொடுத்தார். பல மாநிலங்களின் மட்கலங்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். ஐயாயிரம் அளவினவான அக்கலங்களைக் காட்சியகம் 1892-இல் விலைக்கு வாங்கியது. எளிய கிண்ணத்தை அரும்பொருளாகப் போற்றும் மரபோ அதனினும் பழையது. பதினாறாம் நூற்றாண்டில் சென் நோ ரிக்யூ முதலிய தேநீர் ஆசான்கள், பொன்னையும் பளபளப்பையும் விலக்கிக் கரடுமுரடான மட்கலத்தைக் கையில் ஏந்தினர். கொரிய நாட்டுக் குயவர் செய்த எளிய கிண்ணங்களும் ஜப்பானில் பெருஞ்செல்வமாகக் காக்கப்பட்டன. செய்தவர் பெயரை எவரும் அறியார். செய்பொருளின் அமைதியை அனைவரும் அறிந்தனர்.

மேல்நாட்டார்க்கு இதனை விளக்கி உரைத்தவருள் தலையாயவர் ஒக்ககூரா ககுசோ. 1901-இல் இந்தியா வந்து வங்கத்தில் தாகூர் குடும்பத்தாருடன் பழகிய அவர், 1904 முதல் பாஸ்டன் காட்சியகத்தில் பணி செய்தார். தேநீர் பற்றிய அவரது புகழ்பெற்ற நூல் 1906-இல் வெளிவந்தது. 1988-இல் அங்கு அமைந்த ஜப்பானியத் தோட்டம் ‘தென்ஷின்’ என்னும் அவரது புனைபெயரைத் தாங்கி நிற்கிறது.

1913-இல் ஒக்ககூரா மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அதே காட்சியகத்தில் அடியெடுத்து வைத்தவர் ஒரு தமிழர் மகன் என்பதை எண்ணும்போது நெஞ்சு நிமிர்கிறது. அவரே ஆனந்த குமாரசுவாமி. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த சர் முத்துக் குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் 1877-இல் கொழும்பில் பிறந்தவர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். மண்ணியல் கற்று இலங்கைக்குத் திரும்பியவரைக் கல்லும் கனிமமும் கட்டிவைக்கவில்லை. மறைந்துவரும் கைவினைஞரின் நிலையே அவர் உள்ளத்தைத் தொட்டது. சிங்களக் கைவினை பற்றி 1908-இலும், இந்தியக் கைவினைஞர் பற்றி 1909-இலும் நூல்கள் எழுதினார். 1917 முதல் 1947-இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் பாஸ்டனில் பணியாற்றினார். சிவபெருமானின் கூத்தைப் பற்றி எழுதி உலகறியச் செய்த அவரே, 1934-இல் வெளியிட்ட நூலில் இந்தியச் சிற்ப நூல்களையும் சீன ஓவிய இலக்கணத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். சீனத்தையும் ஜப்பானையும் கற்றதனால் அவர் நடராசரை மறந்தாரா? இல்லை. கீழ்த்திசை முழுவதும் ஒருசேரத் தெரிந்ததனால், தம் மரபின் உயரமும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

இவ்வளவையும் அறியப் பாஸ்டன் வரை வரவேண்டுமா என்று அன்பர்கள் வினவலாம். வேண்டியதில்லை என்பதே நாணத்தோடு யாம் கூறும் விடை. பலமனேரிலிருந்து புங்கனூர் வழியே சென்றால் மதனப்பள்ளி. அங்குள்ள கல்லூரியின் தலைவராயிருந்த அயர்லாந்துக் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், 1919-இல் தோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்றார்; திரும்பிவந்து ஜப்பானைப் பற்றி 1923-இல் நூல் வெளியிட்டார். அதே 1919-இல் தாகூர் மதனப்பள்ளியில் தங்கித் தம் ‘ஜன கண மன’ பாடலை ஆங்கிலமாக்கியதைப் பலரும் அறிவர். கசின்ஸ் 1956-இல் மறைந்ததும் மதனப்பள்ளியிலேதான். எம் ஊர்ப் பேருந்து செல்லும் தொலைவில் ஜப்பானை நேரில் கண்டறிந்த ஒருவர் வாழ்ந்திருக்கிறார். யாமோ அவர் பெயரைக்கூட அறியாது வளர்ந்தோம்.

கீழ்த்திசை நமக்கு மேற்றிசை வழியாகவே வந்து சேர்வதற்குத் திரைப்படமும் ஒரு சான்று. குரோசாவாவின் ‘ரஷோமோன்’ 1951-இல் வெனிஸ் நகரில் பரிசு பெற்ற பின்னரே உலகப் புகழ் எய்தியது. எஸ். பாலசந்தர் 1954-இல் இயக்கிய ‘அந்த நாள்’, பாடலே இல்லாத தமிழ்ப்படம். அதன் கதையமைப்பில் ரஷோமோனின் சாயல் உண்டென்பர் திரைப்பட வரலாறு அறிந்தோர். 1943-இல் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய நாளே அக்கதையின் களம் என்பது வியப்பினும் வியப்பு. பகை கொண்டு வந்த நாட்டிடமிருந்தே பதினோராண்டு கழித்துக் கலை நுணுக்கம் ஒன்றைப் பெற்றுக்கொண்டது தமிழுலகம்.

இந்த உறவு புதியதுமன்று. சீனத்தின் சுவான்சௌத் துறைமுகத்தில் தமிழர் எடுத்த சிவன் கோயிலின் 1281-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தமிழையும் சீனத்தையும் ஒரே கல்லில் தாங்கியுள்ளது. சீன இசையில் பெருவழக்காயுள்ள ஐந்து சுர வரிசையைக் கேட்கும் தமிழ்ச் செவி, அது மோகனமன்றோ என்று திகைக்கும். அயலார் என்று எண்ணியவர் அண்டை வீட்டாராகவே இருந்திருக்கின்றனர். இடையிலிருந்த வாயில்தான் நெடுநாள் அடைத்துக் கிடந்தது.

நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் ஜப்பானியச் சித்திரக் கதைகளிலும் கொரியப் பாடல்களிலும் ஆழ்ந்திருப்பதைக் கண்டு, தமிழ் கைநழுவிப் போகிறதே என்று பெற்றோர் பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தம் எமக்கும் இருந்தது. அதில் நியாயமும் உண்டு; மொழியை வீட்டில் பேசாவிடில் அதனை எந்தக் காட்சியகமும் காத்துத் தராது. ஆயினும் அண்டை வீட்டாரின் முற்றத்தில் விளையாடும் குழந்தை தன் வீட்டை மறந்துவிடுவதில்லை. மாலையில் திரும்பி வரும்போது தன் வீட்டையும் புதுக்கண்ணோடு பார்க்கும். எம் குழந்தையின் கேள்வியே எமக்கு அதனைக் கற்பித்தது.

அடுத்த விடுமுறையில் பலமனேர் சென்றபோது முதலிற் குயவர் வீட்டுக்கே சென்றோம். குழந்தை தானே தேர்ந்தெடுத்த சட்டியில் விளிம்பு சற்றுக் கோணல். நல்லதாக வேறொன்று தருகிறேன் என்றார் முதியவர், குழந்தை இணங்கவில்லை. இம்முறை பெட்டியின் எடை மிகுந்தது. இரண்டு புடவைகளை எடுத்துவிட்டு, அச்சட்டியைத் துணியில் சுற்றி வைத்துக் கொண்டுவந்தோம். இப்போது அது எம் சமையலறையில், கண்ணாடிக்குள் அன்று, அடுப்பின்மேல் இருக்கிறது.