ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுதா? லைசென்ஸையும் கொஞ்சம் கவனிங்க!

ஹெல்மெட் போடாம மாட்டினா, ‘ஆயிரம் ரூபாதானே, கட்டிடலாம்’னு நினைக்கிற ஆளா நீங்க? விஷயம் அதோட முடியுறதில்லை பாஸ்!

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டினாலோ, டூவீலரில் ட்ரிபிள்ஸ் போனாலோ 1,000 ரூபாய் அபராதத்தோடு, மூன்று மாதங்களுக்கு லைசென்ஸ் தகுதியையும் இழக்க நேரிடும். ஓவர் ஸ்பீடில் இரண்டாவது முறை சிக்கினாலும் லைசென்ஸ் பறிமுதல்தான்.

யார் சஸ்பெண்ட் செய்வார்கள்?

போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ-வுக்கு அனுப்பலாம். அப்போது ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கோங்க. சஸ்பெண்ட் செய்யும் அதிகாரம் ஆர்.டி.ஓ-வுக்கும் கோர்ட்டுக்கும்தான்.

நோட்டீஸ் வந்தால்?

தூக்கிப் போட்டுடாதீங்க. ஆர்.டி.ஓ முடிவெடுக்கும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். நேரில் போய் விளக்கம் கொடுங்க. உத்தரவில் உடன்பாடு இல்லையென்றால் 30 நாள்களுக்குள் அப்பீல் செய்யலாம்.

‘பக்கத்துல கடைக்குத்தானே?’

சஸ்பெண்ட் காலத்தில் வண்டியை எடுத்தால் மூன்று மாதங்கள் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கலாகிவிடும்.

டெலிவரி வேலை பார்க்கிறவங்களுக்கு இது மூணு மாசச் சம்பளம். ஹெல்மெட் மாட்ட அஞ்சு செகண்டு போதும்!