லுவா நிரல்மொழியின் தோற்றமும் தமிழ் அகரவரிசைச் சிக்கலும்

முன்னுரை

பெரிய மென்பொருளொன்றினுள் அமைந்து, அதன் செயற்பாட்டைப் பயனரின் தேவைக்கேற்ப மாற்றியமைக்க உதவும் சிறு மொழிகள் உட்பொதி நிரல்மொழிகள் எனப்படும். அவற்றுள் ஒன்றாகிய லுவா, தமிழ் விக்கிப்பீடியாவின் வார்ப்புருக்கள் பலவற்றை இயக்குகிறது. அதன் தோற்றப் பின்னணியையும், தமிழ்ச் சொற்களை அது கையாளும் முறையில் எழும் சிக்கலையும் தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்ப்பெயர்களைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றப் பின்னணி

பிரேசில் நாட்டில் 1977 முதல் 1992 வரை அயல்நாட்டுக் கணினிகளுக்கும் மென்பொருள்களுக்கும் கடும் வணிகக் கட்டுப்பாடுகள் நிலவின. அதனால் தேவையான கருவிகளை உள்நாட்டிலேயே ஆக்கிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தின் பணிகளுக்காக டெல், சோல் என்னும் இரு சிறு மொழிகளை உருவாக்கினர். அவ்விரண்டின் இடத்தையும் நிரப்பும் ஒரே மொழியாக 1993இல் லுவா பிறந்தது. ரொபெர்த்தோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக்கே டி ஃபிகெரெடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் அதனை வடிவமைத்தனர். போர்த்துக்கேய மொழியில் ‘சோல்’ ஞாயிற்றையும் ‘லுவா’ திங்களையும் குறிக்கும்.

எளிமையும் பரவலும்

அதன் முதற்பயனர்களுள் பலர் பொறியாளர்களேயன்றி நிரலாளர் அல்லர். ஆதலின் தொடரமைப்பு எளிதாக்கப்பட்டது. தரவுகளைத் தொகுக்க ‘அட்டவணை’ என்னும் ஒரே அமைப்பே உண்டு. சி மொழியில் எழுதப்பெற்ற அதன் இயக்கி சில நூறு கிலோபைட்டுகளுள் அடங்கும். எஞ்சியவற்றை, அதனைத் தன்னுள் ஏற்கும் மென்பொருளே வழங்க வேண்டும். நிபந்தனைகள் அடுக்கப்பட்ட வார்ப்புருக்களால் பக்கங்கள் தாமதமாக உருவாவதைத் தவிர்க்க, 2013இல் விக்கிப்பீடியா தளங்களில் லுவா இணைக்கப்பட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வாறே அதனைப் பெற்றது.

எழுத்தெண்ணிக்கையும் வரிசையும்

லுவாவைப் பொறுத்தவரை சொல் என்பது பைட்டுகளின் தொடர். யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறும். ‘கம்பம்’ இலக்கணப்படி 4 எழுத்துகள். புள்ளிகள் தனித்து எண்ணப்படுவதால் ஒருங்குறியில் 6 குறியீடுகள். லுவாவின் நீளக் கணக்கில் 18. லுவா 5.3 பதிப்பு 2015இல் சேர்த்த யுடிஎஃப்-8 நூலகமும் 6 என்றே எண்ணும்.

வரிசைப்படுத்துகையில் முரண் மேலும் தெளிவாகும். தமிழ் மெய்வரிசையில் வகரம் இடையினத்தில் வர, னகரம் இறுதியில் நிற்கும். எனவே அகரவரிசையில் தேவாரம் முன்னும் தேனி பின்னும் அமைய வேண்டும். இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியீட்டைப் பின்பற்றிய ஒருங்குறியிலோ னகரம் நகரத்தை அடுத்தும், வகரம் அதற்கு வெகு பின்னரும் உள்ளன. பைட்டு மதிப்பை ஒப்பிடும் இயல்புநிலையில் லுவா தேனியை முன்னே வைக்கும்.

இதற்குரிய தீர்வை லுவாவின் அமைப்பே அனுமதிக்கிறது. அதன் வரிசையாக்கச் செயற்கூறு, ஒப்பீட்டு விதியை மற்றொரு செயற்கூறாக ஏற்கும். சொல்லை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வோர் எழுத்துக்கும் நெடுங்கணக்கு வரிசையெண்ணை அட்டவணையில் அளித்தால் மரபுவழி வரிசை கிட்டும்.

முடிவுரை

தட்டுப்பாட்டுச் சூழலில் பிறந்த லுவா, இன்றியமையாதவற்றை மட்டும் கொண்டு எஞ்சியவற்றைப் பயன்படுத்துவோரிடம் விட்டது. தமிழ் நெடுங்கணக்கும் அவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்று. மாவட்ட ஊர்ப்பட்டியல், நூலட்டவணை, அகராதி ஆகியவற்றைக் கணினிவழித் தொகுப்போர் அவ்விதியைத் தாமே எழுதிச் சேர்த்தாலன்றி, தமிழ்ப் பட்டியல்கள் தமிழ் வரிசையில் அமையா. ஆகவே நிரலாளரும் இலக்கண அறிஞரும் இணைந்து ஆற்ற வேண்டிய பணி இது என்பது பெறப்படுகிறது.