பிச்சைக்காரராய் வந்த குருவானவர்

1995 ஆம் ஆண்டு ஜனவரி மாதம். அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே அம்மாதம் 8 ஆம் திகதி போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்திருந்தது. நாட்டில் ஒரு சிறிய மூச்சுவிடும் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக்கு வந்தார். 21 ஆம் திகதி காலிமுகத்திடலில் யோசப் வாஸ் என்ற கோவைக் குருவானவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அன்றிரவு செய்தி மேசையில் அந்தச் செய்திக்குத் தலைப்பிட்டுக்கொண்டிருந்தேன். அருகில் இருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "இந்த வாஸ் சுவாமியார் முதலில் தங்கியிருந்த ஊர் எது, சொல்லும் பார்ப்போம்?" என்று கேட்டார். "கண்டி" என்றேன். அவர் சிரித்தார். "நீர் யாழ்ப்பாணத்து ஆள். சில்லாலையைத் தெரியாதோ?"

அந்த வெட்கம் எனக்கு நன்மை செய்தது. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். நான் வாசித்தவரை, இந்த மனிதரின் கதையை ஒரு சமயத்தவரின் கதையாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது. நம்பிக்கை என்று நாம் எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

கதையை நேர்மையாகச் சொல்வதானால் அவருக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்க வேண்டும். யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தான். திருக்கோணேச்சரமும் அந்தத் தசாப்தத்திலேயே அழிந்தது. எங்கள் முன்னோரில் பலருக்குக் கத்தோலிக்கம் அறிமுகமானது ஆட்சியாளரின் கொடியோடும் வாளோடும்தான். விரும்பிச் சேர்ந்தோரும் இருந்தனர். அஞ்சிச் சேர்ந்தோரும், பதவிக்காகச் சேர்ந்தோரும் இருந்தனர். இதை மறைத்துவிட்டு இந்த நாட்டின் கிறிஸ்தவ வரலாற்றை எழுத முடியாது.

பின்னர் சக்கரம் சுழன்றது. 1656 இல் கொழும்பும் 1658 இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைக்கு மாறின. ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்களே. ஆனால் அவர்கள் கல்வினின் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினர். கத்தோலிக்கக் குருமார் எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என 1658 இலேயே கட்டளை பிறந்தது. பழைய கோயில்கள் சீர்திருத்த சபையின் பள்ளிகளாயின. பிறப்பும் விவாகமும் அவர்களுடைய தோம்புகளில் பதியப்பட வேண்டும். இல்லாவிட்டால் சொத்துரிமையிலும் உத்தியோகத்திலும் சிக்கல். இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்தன. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, வழிநடத்தக் குரு இல்லை. வாளுக்கு அஞ்சி வந்தவர்கள் அந்த வாள் முறிந்ததும் போய்விட்டார்கள். ஆயினும் ஒரு தொகையினர் போகவில்லை. இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை, அந்த நம்பிக்கை யாருடைய ஆட்சியோடு வந்தது என்பது அப்போது பொருட்டாக இருக்கவில்லை. அது அவர்களுடையதாகிவிட்டிருந்தது.

இந்தச் செய்தி கோவையில் ஒரு இளம் குருவின் காதில் விழுந்தது.

யோசப் வாஸ் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவையின் பெனாலிம் கிராமத்தில் பிறந்தார். கத்தோலிக்கராக மாறிய கொங்கணிப் பிராமணக் குடும்பம். 1676 இல் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு, தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக எழுதிக் கொடுத்து ஒரு சாசனத்தில் கையொப்பமிட்டார். 1681 முதல் மூன்று ஆண்டுகள் மங்களூரை உள்ளடக்கிய கன்னடக் கரையில் பணிபுரிந்தார். அக்காலத்தில் கோவையில் ஐரோப்பியத் துறவற சபைகளின் கதவுகள் சுதேசிகளுக்கு எளிதில் திறப்பதில்லை. எனவே கோவைக் குருக்கள் சிலர் தாமே ஒன்றுகூடி வாழத் தொடங்கியிருந்தனர். 1685 இல் அவர்களோடு சேர்ந்த வாஸ் அடிகளார் அவர்களுக்குத் தலைவரானார். உரோமாபுரியில் பிலிப்பு நேரி நிறுவிய ஒரட்டோரியன் சபையின் ஒழுங்கை அந்தச் சிறு குழு ஏற்றுக்கொண்டது. பிலிப்பு நேரி பதினாறாம் நூற்றாண்டின் புனிதர்களுள் சிரிப்புக்கும் வேடிக்கைக்கும் பெயர்பெற்றவர். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பக்தி செய்வது அவருக்குப் பிடிக்காது. பட்டினியையும் சிறையையும் சந்திக்கப் போகிற ஒருவர் இந்த மனிதரின் சபையைச் சேர்ந்தவராக இருந்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றுகிறது.

1686 இல் அவர் கோவையை விட்டுப் புறப்பட்டார். இறுதிவரை உடன் வந்தவர் யோவான் என்ற பணியாளர். தூத்துக்குடியை அடைந்து, படகுக்குக் காத்திருந்த நாட்களில் தமிழ் பயின்றார். 1687 இல் கூலியாளின் கோலத்தில், அரைத்துணியோடும் வெறுங்காலோடும் கடல் கடந்து, பசியாலும் களைப்பாலும் நலிந்த நிலையில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். வந்ததும் கடும் வயிற்றுளைவு. தொற்றுக்கு அஞ்சிய மக்கள் அவர்களை ஊருக்கு வெளியே ஒதுக்கினர். ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து ஊற்றிக் காப்பாற்றினாள் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. அவளுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒரு புனிதரின் இருபத்து நான்கு ஆண்டுப் பணி, பெயர் தெரியாத ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கஞ்சிச் சிரட்டையில் தங்கியிருந்தது.

உடம்பு தேறியதும் அவர் செய்த வேலை, வாசல் வாசலாகப் பிச்சை எடுப்பது. கழுத்தில் செபமாலையை வெளியே தெரியும்படி தொங்கவிட்டுக்கொண்டு நடந்தார். மாலையைப் பார்த்து யாருடைய கண்ணில் ஒரு ஒளி தோன்றுகிறதோ, அந்த வீடு கத்தோலிக்க வீடு. அவர் ஊரைச் சோதித்த முறை இதுதான். ஊரும் அவரைச் சோதித்தது. ஒல்லாந்தரின் ஒற்றனாக இருந்தால் என்ன செய்வது? மெல்ல மெல்லத்தான் நம்பிக்கை பிறந்தது. அதன் பின்னர் பகலில் பிச்சை, இரவில் பூசை. பண்டத்தரிப்புக்கு அண்மையிலுள்ள சில்லாலை அவருடைய இருப்பிடமாயிற்று.

போர் ஓய்ந்த பின் ஒருமுறை சில்லாலைக்குப் போயிருந்தேன். கோயில் முற்றத்தில் அமர்ந்திருந்த முதியவரிடம், "ஐயா, அந்தக் காலத்தில் சுவாமியாரை இந்த ஊர் எப்படி மறைத்து வைத்திருந்தது?" என்று கேட்டேன். ஏதாவது நிலவறைக் கதையை எதிர்பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மறைக்கிறது என்ன பெரிய வேலை தம்பி? எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒருத்தரும் காட்டிக் குடுக்கேல்லை. அதுதான் எங்கட ஊரின்ர சொத்து" என்றார். காட்டிக்கொடுத்தலும் காட்டிக்கொடுக்க மறுத்தலும் எவ்வளவு விலை கேட்கும் என்பதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது. ஆதலால் அந்தப் பதிலுக்குப் பின் வேறு கேள்வி கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தர் படையோடு வந்து, பூசைக்குக் கூடியிருந்தவர்களைச் சுற்றி வளைத்தனர். அடிகளார் தப்பினார். மக்கள் பிடிபட்டு அடியும் சிறையும் அனுபவித்தனர். தம்மால் மற்றவர்களுக்குத் துன்பம் என்றுணர்ந்த அவர், 1690 அளவில் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கிருந்து 1692 இல் கண்டிக்குள் நுழைந்தார்.

கண்டியில் வரவேற்பு சிறையாக அமைந்தது. அரண்மனைச் செல்வாக்குப் பெற்றிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் லனெரோல், கத்தோலிக்கர்களோடு பகை கொண்ட ஊகனோ மரபினர். வந்தவர் போர்த்துக்கேய ஒற்றர் என்று அவர் மன்னனிடம் கூறினார். அடிகளாரும் யோவானும் அடைக்கப்பட்டனர். அவர் முறையிட்டுக்கொண்டு இருக்கவில்லை. சிங்களம் கற்கத் தொடங்கினார். காவல் தளர்ந்ததும் முற்றத்தில் ஓலைக் குடிசை ஒன்றைப் போட்டு, அதைக் கோயிலாக்கிப் பூசை செய்தார். சிறையைப் பங்குக்கோயிலாக்கிய இந்தச் செயலில் எந்த ஆவேசமும் இல்லை. கிடைத்த இடத்தில் தன் வேலையை மகிழ்ச்சியோடு தொடங்கிவிட்ட ஒரு மனிதரின் இயல்பே தெரிகிறது.

அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். பக்தியுள்ள பௌத்தன். அழிந்துபோன உபசம்பதா மரபை மீட்க அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்தவன். தலதா மாளிகையைக் கட்டியெழுப்பியவன். அந்த மன்னன் காலப்போக்கில் அடிகளாரை விடுவித்து, அவர் தம் பணியைச் செய்ய இடமளித்தான். கடும் வறட்சியில் அவர் வேண்ட மழை பெய்தது என்றும் அதனால் மன்னனின் மனம் இளகியது என்றும் கத்தோலிக்க மரபு கூறும். வரலாற்று மாணவனாக எனக்கு மழையைவிட மன்னனே பெரிய அற்புதம். கிறிஸ்தவ அரசு விரட்டிய கிறிஸ்தவக் குருவைப் பௌத்த மன்னன் காத்தான். 1995 இல் பாப்பரசரின் நூலொன்றில் பௌத்தம் பற்றி இருந்த கருத்துகளால் மனம் புண்பட்ட பௌத்த பீடங்கள் அவருடனான சந்திப்பைப் புறக்கணித்தபோது, இந்தப் பழைய நன்றிக்கடன் இரு பக்கத்தாருக்கும் நினைவிருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை விட்டு அகன்றனர். நோயாளிகளை உறவினர்கள் காட்டோரம் கொண்டுபோய் விட்டனர். அவ்வாண்டு கோவையிலிருந்து வந்து சேர்ந்திருந்த இளம் குரு யோசப் கர்வாலோவுடன் அடிகளார் அங்கேயே தங்கினார். கைவிடப்பட்டோருக்குக் கொட்டில்கள் போட்டனர், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைப் புதைத்தனர். பௌத்தரா கிறிஸ்தவரா என்று கேட்கவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன்னர் வயிற்றுளைவோடு தாமே ஊருக்கு வெளியே கிடந்ததை அவர் மறந்திருக்கமாட்டார். அன்று யாழ்ப்பாணத்தில் வாங்கிய கஞ்சியை இன்று கண்டியில் திருப்பிக் கொடுத்தார் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அவருக்குப் பின் கோவையிலிருந்து மேலும் குருமார் வந்தனர். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சல்வேஸ் சுவாமியார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் இயற்றி, சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுகிறார். இந்தப் பணியை ஐரோப்பியர் நடத்தவில்லை. ஒரு ஆசியத் துறவற சபை, எந்த ஆயுதப் பக்கபலமும் இன்றி, இன்னொரு ஆசிய நாட்டில் நடத்தியது. அக்காலத்தில் அது மிக அபூர்வம்.

இருபத்து நான்கு ஆண்டுகள் அடிகளார் தாய்நாடு திரும்பவில்லை. 1711 ஜனவரி 16 ஆம் திகதி கண்டியில், தமது ஐம்பத்தொன்பதாவது வயதில் காலமானார். வாழும்போது செய்யத் தவறியதை மரண வேளையில் செய்வது எளிதன்று என்ற பொருள்படத் தம் சகோதரர்களுக்குக் கூறினார் என்பர். அவரை அடக்கம் செய்த கோயில் பின்னர் அழிந்தது. கல்லறை இருந்த இடம் இன்று சரியாகத் தெரியாது. கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தர் காலத் தடைகளை 1806 இல் பிரித்தானிய ஆளுநர் மெயிட்லண்ட் நீக்கியபோது, அவரும் அவருடைய தோழர்களும் காத்த சமூகம் இங்கே உயிரோடு இருந்தது.

2015 ஜனவரி 14 ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அதே காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். ஜனாதிபதித் தேர்தல் முடிந்து ஆறு நாட்களே ஆகியிருந்தன. அன்று பிற்பகல் பாப்பரசர் மடு மாதாவின் சந்நிதிக்குச் சென்றார். போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கான அகதிகள் தஞ்சமடைந்த மண் அது.

வாசகர்களே, பத்திரிகைக்காரனுக்குத் திகதிகளைப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் போகாது. வாஸ் அடிகளார் பிறந்தது ஏப்ரல் 21. அதே ஏப்ரல் 21 ஆம் திகதி, 2019 இல், உயிர்த்த ஞாயிறு பூசைக்குக் கூடியிருந்தவர்கள் மத்தியில் கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் குண்டுகள் வெடித்தன. விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தோற்றக் கதையும் ஒல்லாந்தர் காலத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு குருவோடுதான் இணைத்துச் சொல்லப்படுகிறது. இவரைப் புனிதராக்கிய பாப்பரசர் பிரான்சிஸ் இறந்ததும் 2025 ஏப்ரல் 21 ஆம் திகதியே. இவை தற்செயல்கள்தாம். இவற்றில் மறைபொருள் தேட நான் முற்படவில்லை.

ஆனால் 2019 இல் அந்த வாரம் கொச்சிக்கடைத் தெருவில் நின்றபோது எனக்கு ஒன்று புரிந்தது. மூடப்பட்ட கோயிலுக்கு எதிரே, வீதியோரத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டுப் பலர் முழந்தாளில் நின்றார்கள். அவர்களில் ஒரு தாய் தமிழில் செபித்தாள், பக்கத்தில் இன்னொருத்தி சிங்களத்தில் செபித்தாள். மதத்தின் பெயரால் வந்த வாளை இந்த மண் பலமுறை கண்டிருக்கிறது. 1621 இலும் கண்டது, 1658 இலும் கண்டது, 2019 இலும் கண்டது. வாளோடு வந்தவர்கள் கொண்டாடப்படவில்லை. ஒருவர் மட்டும் அரைத்துணியோடு வந்து பிச்சை கேட்டார், கிடைத்ததை நோயாளிக்கு ஊட்டினார், சிறையிலும் முகம் வாடாதிருந்தார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அவர் பெயரை மக்கள் தம் பிள்ளைகளுக்கு இடுகிறார்கள்.

நல்லூர்க் கோயில் இடிந்த கதையை மறக்காத ஊரில் பிறந்தவன் நான். அந்தக் கதையை மறக்கவும் மாட்டேன். அதே நேரத்தில் ஜனவரி 16 ஆம் திகதி வரும்போதெல்லாம் வெறுங்காலோடு நடந்த அந்த மனிதரையும், பெயர் தெரியாத அந்தக் கஞ்சிக்காரியையும் நினைத்துக்கொள்கிறேன். இரண்டையும் ஒருங்கே நினைவில் வைத்திருப்பதுதான் வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை என்று எனக்குப் படுகிறது.